மூன்று பள்ளிகள், ஒரு கற்பலகை: கடலோடி செங் ஹேவைப் பற்றி மாணவர்கள் இணையவழியில் கூடிக் கற்பதற்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் தென்கரையில் உள்ள காலி நகரில், 1911ஆம் ஆண்டு, ஒரு மதகின் மேல் முகம் கவிழ்த்து மூடியாக வைக்கப்பட்டிருந்த கற்பலகை ஒன்றைப் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தார். புரட்டிப் பார்த்தபோது அதன் முகத்தில் மூன்று மொழிகளில் எழுத்துகள் இருந்தன. சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவரான செங் ஹே என்பவர் கொண்டுவந்த அந்தப் பலகையில் 1409ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திற்குரிய நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. சீன மொழிப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்னும் திருமாலைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனைப் போற்றுகிறது. மூன்று பகுதிகளும் ஏறத்தாழ ஒரே காணிக்கைப் பட்டியலைச் சொல்கின்றன. ஒரு மொழி மட்டும் தெரிந்தவர் அந்தக் கல்லில் மூன்றில் ஒரு பங்கைத்தான் படிக்க முடியும் என்பதால், முழுவதையும் அறிய அவர் மற்ற இருவரைக் கேட்டே ஆக வேண்டும். இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கல்லின் இந்த இயல்பையே அடிப்படையாகக் கொண்டு, வெவ்வேறு ஊர்ப் பள்ளி மாணவர்கள் இணையத்தின் வழியே கூடி ஒரு கடலோடியைக் கற்கும் திட்டத்தை எப்படி நடத்துவது என்று இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய திட்டத்தை நான் மூன்று முறை நடத்தியிருக்கிறேன். சோழமண்டலக் கரையில் உள்ள எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு, இலங்கையின் தென்மாகாணத்தில் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றின் தரம் 8, மலாக்காவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு 6 ஆகிய மூன்று வகுப்புகள் அதில் பங்கேற்றன. முதல் முறை அது தோல்வியில் முடிந்தது. செங் ஹேவின் பிறப்பும் இளமையும் எங்களுக்கு, பயணங்கள் இலங்கைப் பிள்ளைகளுக்கு, கப்பல்களும் மரணமும் மலேசியப் பிள்ளைகளுக்கு என்று வாழ்க்கையைத் துண்டு போட்டுக் கொடுத்தோம். மூன்று குழுவினரும் ஒரே கலைக்களஞ்சியப் பக்கத்திலிருந்து எடுத்து எழுதினார்கள், நாங்கள் மூன்றையும் ஒட்டி ஓர் ஆவணமாக்கினோம். அது பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் ஆறு வாரங்களில் ஒரு குழந்தைகூட இன்னொரு ஊர்க் குழந்தையிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை என்பதை ஆவணத்தின் கருத்துரைப் பகுதியைத் திறந்து பார்த்தபோதுதான் உணர்ந்தேன். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவர் எல்லாருக்கும் தெரிந்ததாகவே இருக்கும்போது யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பள்ளிக்கும் அதனால் மட்டுமே பார்க்கவோ படிக்கவோ அளக்கவோ கூடிய ஒன்றைக் கொடுப்பதே திட்டமிடும் ஆசிரியரின் முதல் வேலை.

பள்ளிகளைச் சேர்த்தலும் நேரம் குறித்தலும்

மூன்று பள்ளிகள் போதும். இரண்டாக இருந்தால் பேச்சு எதிரும் புதிருமாகச் சுருங்கிவிடுகிறது, நான்கிற்கு மேல் போனால் ஆசிரியர்களின் நேரம் முழுவதும் ஒருங்கிணைப்பிலேயே கழிந்துவிடுகிறது. ஒரு பள்ளிக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மாணவர்களைத் தேர்ந்து, மூன்று ஊர்ப் பிள்ளைகளும் கலந்த சிறு குழுக்களாக அமைக்க வேண்டும். குழு ஒவ்வொன்றிலும் ஓர் ஊருக்கு இருவர் இருப்பது நல்லது. ஒருவர் மட்டும் இருந்து அவர் காய்ச்சலில் படுத்தால் அந்த ஊரே குழுவிலிருந்து மறைந்துவிடும்.

பள்ளிகள் செங் ஹே சென்ற வழியில் அமைந்திருப்பது பெரும் நன்மை. அவருடைய கப்பற்படை 1405 முதல் 1433 வரை ஏழு முறை புறப்பட்டு, சம்பா, ஜாவா, மலாக்கா, இலங்கை, கொல்லம், கொச்சி, கள்ளிக்கோட்டை, ஹோர்முஸ், ஏடன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை எனப் பல துறைகளைத் தொட்டது. இவற்றுள் எந்த ஊர்ப் பள்ளி கிடைத்தாலும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கும். அவருடைய கப்பல்கள் கட்டப்பட்ட சீன நகரமான நான்ஜிங்கில் ஒரு பள்ளி கிடைத்தால் அதைவிடச் சிறப்பு. ஆனால் சீனப் பெருநிலத்தில் கூகுள், வாட்ஸப் ஆகியவை இயங்குவதில்லை என்பதை முன்கூட்டியே கணக்கில் கொண்டு, மின்னஞ்சலும் கோப்பு அனுப்புதலும் மட்டுமே கொண்ட எளிய முறையை வகுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றே, மலேசியா இரண்டரை மணி நேரம் முந்தியது. நமக்குக் காலை ஒன்பதரை ஆகும்போது மலாக்காவில் நண்பகல் பன்னிரண்டு. மூன்று இடங்களிலும் பிள்ளைகள் பள்ளிக்குள் இருக்கும் நேரம் அதுவே என்பதால், நேரலைச் சந்திப்புகளை அப்போது வைத்தோம். வெள்ளிக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். இலங்கையில் முஸ்லிம் பாடசாலைகள் அன்று முன்னதாகவே முடிந்துவிடும். நாங்கள் பருவம் என்பதை அங்கே தவணை என்கிறார்கள், விடுமுறைகளும் ஒத்துவருவதில்லை. ஆகவே முதல் சந்திப்புக்கு முன்பே மூன்று நாட்காட்டிகளையும் ஒரே தாளில் வரைந்து, தேர்வு வாரங்களை அடித்துவிட்டு, எஞ்சியிருப்பவற்றுள் எட்டு வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து நவம்பர் இறுதி வரையிலான காலத்தையே நான் பரிந்துரைப்பேன். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று எழும் அந்தத் திருப்பத்தை மாணவர்கள் தம் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதே அதற்குக் காரணம். அது எதற்குப் பயன்படும் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்குக

முதல் வாரத்தில் வாழ்க்கை வரலாறு எதையும் படிக்கக் கொடுக்காமல், ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்: இவரை யார் யார் என்ன பெயரால் அழைத்தார்கள், அழைக்கிறார்கள் என்று தொகுக்கச் செய்யுங்கள். 1371இல் சீனாவின் தென்மேற்கில் உள்ள யுன்னானில் குன்யாங் என்னும் ஊரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தபோது அவர் மா ஹே. பேரரசர் யோங்லே 1404இல் அளித்த குடிப்பெயரால் செங் ஹே ஆனார். மலாக்காவில் அவர் செங் ஹோ, அங்கே அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. ஜாவாவின் செமாராங்கில் அவர் சாம் போ கொங் என்னும் பெயரில் கோயில் கொண்டிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் ‘செங் ஹே’ என்று தேட, மலேசியப் பிள்ளைகள் ‘செங் ஹோ’ என்று தேட, முதல் நாளே இரு தரப்பினரும் வெவ்வேறு பக்கங்களைப் பார்த்துக்கொண்டு வேறு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள். அந்தக் குழப்பமே நல்ல தொடக்கமாக அமைந்தது, ஏனென்றால் அதைத் தீர்ப்பதற்காகத்தான் அவர்கள் முதன்முதலாக ஒருவரோடொருவர் பேசினார்கள்.

இந்த வாரத்திலேயே இன்னொரு சொல்லையும் சரிசெய்துவிட வேண்டும். ‘கண்டுபிடித்தார்’ என்ற வினையைச் செங் ஹேவுக்கு யாரும் எழுதக் கூடாது என்று விதி வையுங்கள். அவர் சென்ற வழிகள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அரபு, தமிழ், குஜராத்தி, சீன வணிகர்களுக்குத் தெரிந்தவை. அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது: முதல் பயணத்திலேயே 27,800 பேரை ஏற்றிக்கொண்டு, அவ்வளவு பெரிய படையைக் கடல்வழியே கொண்டுசென்று திரும்பிய ஒழுங்கமைப்பில் இருக்கிறது. நான்கு கப்பல்களோடு புறப்பட்ட வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்ததைப் படித்திருக்கும் பிள்ளைகளிடம், அதே ஊரில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படை நங்கூரமிட்டிருந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கொண்டு கேள்விகளை அவர்களே கேட்பார்கள்.

இளமைப் பருவத்தைச் சொல்லும்போது ஆசிரியர் தயங்கும் இடம் ஒன்று உண்டு. சீனாவை ஆண்ட மிங் அரசமரபின் படைகள் யுன்னானைக் கைப்பற்றியபோது சுமார் பத்து வயதுச் சிறுவனாகப் பிடிபட்ட மா ஹே, விதையடிக்கப்பட்டு இளவரசர் சூ தியின் பணியாளாக அனுப்பப்பட்டார். அந்த இளவரசரே பின்னாளில் யோங்லே பேரரசர். இதை மறைக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். போரில் பிடிபட்ட ஒரு குழந்தைக்குப் பெரியவர்கள் செய்த கொடுமை இது என்று நேராகச் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அமைதியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலிகள் இதற்குத் தரும் சொற்களை நம்பி, திருநங்கை என்று எழுதும் பிழை மட்டும் நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதையடிக்கப்பட்ட ஆணைக் குறிக்க அண்ணகர் என்ற சொல் தமிழில் இருக்கிறது. அதைப் பொருள் விளக்கத்தோடு கொடுத்துவிட்டால் போதும்.

கல்லை மூன்றாகப் பகிர்தல்

திட்டத்தின் நடுப்பகுதி இது, மூன்று வாரங்கள் இதற்கு ஒதுக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு பள்ளியும் தன் வகுப்பறைத் தரையில் அல்லது முற்றத்தில், 145 செ.மீ. உயரமும் 76 செ.மீ. அகலமும் கொண்ட செவ்வகம் ஒன்றைச் சுண்ணக்கட்டியால் வரையட்டும். அதுவே கல்லின் அளவு. படத்தில் பார்க்கும்போது கோபுரம் போல் தோன்றிய பொருள் ஏறத்தாழத் தம் உயரமே என்பதைத் தரையில் பார்த்தபோது எங்கள் பிள்ளைகளுள் ஒருத்தி அந்தக் கோட்டுக்குள் படுத்துப் பார்த்தாள். உடனே மற்ற இரு ஊர்களிலும் அதையே செய்தார்கள். செவ்வகத்தின் வலப்பக்கத்தில் சீனம், இடப்பக்கத்தின் மேற்பகுதியில் தமிழ், அதன் கீழே பாரசீகம் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளியும் ஒரு பகுதியை ஏற்க வேண்டும்.

தமிழ்ப் பகுதி எங்களுக்கு வந்தது. அது எளிதாக இருக்கும் என்று நினைத்த பிள்ளைகள், பெரிதாக்கிய படத்தைப் பார்த்ததும் திகைத்துப்போனார்கள். பழங்கல்வெட்டுகளில் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை, கிரந்த எழுத்துகள் இடையிடையே வரும், எழுத்து வடிவங்களும் இன்றைய வடிவங்கள் அல்ல. ஆகவே முழுவதையும் படிக்கச் சொல்லாமல், தெரிந்த எழுத்துகளை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். இலங்கைக் கல்வெட்டு அறிஞர் பரணவிதானவின் வாசிப்பு 1933இல் வெளியானது. அதைப் பிறகு அருகில் வைத்து ஒப்பிடலாம். ஓர் எழுத்தைத் தானாகக் கண்டுகொண்ட குழந்தைக்கு அந்த ஒப்பீடு தரும் மகிழ்ச்சி, முழு வாசிப்பையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் கிடைக்காது.

பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்திருப்பது. அதை இலங்கைப் பாடசாலைக்குக் கொடுத்தபோது எனக்குச் சிறிது தயக்கம் இருந்தது. ஆனால் முதல் நேரலைச் சந்திப்பிலேயே அந்தப் பாடசாலை மாணவி ஒருத்தி, “சேர், இதில உள்ள எழுத்துகள் எங்களுக்குத் தெரியும், மொழிதான் தெரியாது” என்றாள். மதரசாவில் குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளைகளுக்கு அரபு எழுத்து பழக்கமானது, பாரசீகமும் அதே எழுத்தில் எழுதப்படுவது. தேய்மானத்திற்கு நடுவே அவர்கள் தனித்தனி எழுத்துகளைக் கண்டுபிடித்து அம்புக்குறி இட்டு அனுப்பிய படம், ஆசிரியர்களாகிய நாங்கள் மூவர் சேர்ந்தும் செய்திருக்க முடியாத ஒன்று. சீனப் பகுதியை எடுத்துக்கொண்ட மலாக்காப் பிள்ளைகள், சீனப்பள்ளியில் படிக்கும் அண்டை வீட்டுத் தோழியரிடம் படத்தைக் காட்டி, எண்களைக் குறிக்கும் எழுத்துகளைக் கேட்டறிந்து வந்தார்கள். உங்கள் ஊரில் இந்த வாய்ப்புகள் இல்லாமல் போகலாம். அப்போது வேறு எது இருக்கிறது என்று தேடுங்கள். ஒவ்வோர் ஊரிலும் ஏதோ ஓர் எழுத்தைப் படிக்கத் தெரிந்த பாட்டியோ கடைக்காரரோ இருப்பார்.

பிறகு காணிக்கைப் பட்டியலை மூன்று பகுதிகளிலிருந்தும் எடுத்து ஒரே அட்டவணையில் வைக்க வேண்டும். பொன் 1,000, வெள்ளி 5,000, பல நிறப் பட்டுகள், தூபக்கலங்கள், பூச்சாடிகள், விளக்குகள், 2,500 கட்டி வாசனை எண்ணெய் என்று அது நீளும். கட்டி என்பது சீன நிறையளவு, மலேசியப் பிள்ளைகளின் தாத்தாக்கள் சந்தையில் பயன்படுத்திய அளவு. ஒரு கட்டி ஏறத்தாழ 600 கிராம் என்று அவர்கள் சொன்ன பிறகு, எங்கள் பிள்ளைகள் அதைக் கணக்கிட்டு ஒன்றரை டன் எண்ணெய் என்று வியந்தார்கள். மூன்று தெய்வங்களுக்கும் ஒரே அளவில் காணிக்கை ஏன் தரப்பட்டது என்ற கேள்வியை நீங்களாக எழுப்பாதீர்கள், அட்டவணையைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். எங்கள் குழுவில் அது எழுந்ததோடு நிற்காமல், கல் நான்ஜிங்கில் செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தது என்று ஆய்வாளர்கள் கொள்வதைப் படித்த ஒரு பையன், “அப்படியானால் நான்ஜிங்கில் தமிழ் எழுதியது யார்?” என்று கேட்டான். கல்வெட்டு அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனபோது, சீனத் துறைமுகமான சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருப்பதையும், தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பி வாழ்ந்ததையும் அறிந்தார்கள். எட்டு வாரங்களில் எனக்கு மிகவும் நிறைவளித்த நாள் அதுவே.

காற்று, கப்பல், கணக்கு

கல்லோடு சேர்த்து, எட்டு வாரமும் ஓயாமல் நடக்க வேண்டிய சிறு வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் காலை ஒரே நேரத்தில், ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் கொடிக்கம்பத்தில் கட்டிய துணி நாடாவைப் பார்த்து, காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதைப் பொது அட்டவணையில் குறிக்க வேண்டும். செங் ஹேவின் படை குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்றைப் பிடித்துச் சீனாவிலிருந்து இறங்கியது, தென்காற்றுக்காக மலாக்காவில் காத்திருந்து ஊர் திரும்பியது. அவருடன் சென்ற மா ஹுவான் என்னும் மொழிபெயர்ப்பாளர், மலாக்காவில் மரவேலி அடைத்த பண்டகசாலைகள் அமைத்துச் சரக்குகளைச் சேர்த்துவைத்துக் காத்திருந்ததை எழுதியிருக்கிறார். அட்டவணையில் அக்டோபர் முதல் வாரத்தில் ஒருபுறம் சாய்ந்திருந்த குறிகள் நவம்பரில் மறுபுறம் சாயத் தொடங்கும்போது, பயணம் ஏன் இரண்டு ஆண்டுகள் பிடித்தது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற பெயர்களை இரு கரை மீனவர்களிடமும் கேட்டு அட்டவணையின் ஓரத்தில் எழுதச் செய்யுங்கள். ஒரே பெயர் இரண்டு கரைகளிலும் சற்றே வேறு திசையைக் குறிப்பது தெரியவந்தால், அதைப் பிழையென்று திருத்திவிடாதீர்கள்.

கப்பலின் அளவு ஆய்வாளர்களுக்குள்ளேயே விவாதத்துக்குரியது என்பதால் அதை மாணவர்களுக்கு ஒரு புதிராகவே கொடுக்கலாம். மிங் வரலாற்று நூல் சொல்லும் அளவை இன்றைய அலகில் கொண்டால் பெரிய கப்பலின் நீளம் 130 மீட்டரைத் தாண்டும். மரத்தால் அவ்வளவு பெரிய கப்பல் கடலில் தாங்காது, அதில் பாதியளவே இருந்திருக்கும் என்று பலர் கருதுகின்றனர். நான்ஜிங்கின் பழைய கப்பற்கட்டுத் துறையில் 1962இல் கிடைத்த சுக்கான் தண்டின் நீளம் சுமார் 11 மீட்டர். விளையாட்டுத் திடலில் இந்த மூன்று நீளங்களையும் கயிறு பிடித்து அளந்து, கற்களை அடையாளமாக வைத்து, முகம் தெரியாதபடி படம் எடுத்துப் பகிரட்டும். எந்த அளவை நம்புகிறார்கள், ஏன் என்பதை ஒவ்வொரு குழுவும் இரண்டு வரியில் எழுதினால் போதும்.

சிறு பிள்ளைகள் சலிப்படையும் வாரத்தில் மா ஹுவானின் கள்ளிக்கோட்டைக் குறிப்பை எடுத்துவையுங்கள். அங்குள்ளவர்கள் மணிச்சட்டம் இல்லாமல், இரு கைகளின் விரல்களையும் இரு கால்களின் விரல்களையும் மட்டும் கொண்டு பிழையின்றிக் கணக்கிட்டார்கள் என்று அவர் வியந்து எழுதுகிறார். இருபது விரல்களால் எப்படிக் கணக்கிட்டிருப்பார்கள் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துக் காணொளியில் செய்துகாட்டுவது, மூன்று ஊர்களையும் ஒரே நாளில் நெருக்கமாக்கிவிடும்.

ஒரே போர், இரண்டு குரல்

மூன்றாம் பயணத்தின்போது இலங்கையில் போர் நடந்தது. ஆட்சியாளர் அழகக்கோன் சிறைபிடிக்கப்பட்டு 1411இல் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார், பின்னர்ப் பேரரசர் அவரை விடுவித்தார். சீன ஆவணங்கள், அவர்தான் முதலில் படையைத் தாக்கிச் செல்வத்தைக் கொள்ளையிட முயன்றார் என்கின்றன. சிங்கள நூலான ராஜாவலிய, பரிசு கொண்டுவருவதுபோல் வந்து அரசனைப் பிடித்துச் சென்றார்கள் என்கிறது. இந்தப் பகுதியை இலங்கைப் பிள்ளைகளே முதலில் எடுத்துரைக்கட்டும். மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு கூற்றுகளிலும் பொதுவாக உள்ளவை எவை, வேறுபடுபவை எவை என்று மட்டும் பிரிக்கட்டும். காணிக்கை தந்த அதே படைத்தலைவர் அதே தீவில் போரும் செய்தார் என்பதை ஏற்றுக்கொள்ள என் மாணவர் சிலருக்குக் கடினமாக இருந்தது. அதற்குள் செங் ஹேவை அவர்கள் நேசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வருத்தத்துக்குப் போதிய நேரம் கொடுங்கள், உடனே ஆறுதல் சொல்லிவிடாதீர்கள்.

ஆவணமும் எழுத்துருவும்

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஓர் ஆவணம், ஒரு நிலப்படம், வாரம் ஒருமுறை நேரலை: கருவிகள் இவ்வளவே போதும். கூகுள் டாக்ஸ், கூகுள் மை மேப்ஸ், கூகுள் மீட் ஆகியவற்றை நாங்கள் பயன்படுத்தினோம். ஆவணத்தில் நான்கு நிரல்கள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தொடக்கத்திலேயே வரைந்துவையுங்கள்: செய்தி, எங்கிருந்து கிடைத்தது, யார் எழுதியது, யார் சரிபார்த்தது. சரிபார்ப்பவர் வேறு ஊர்ப் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்ற விதி ஒன்றுதான் இந்தக் கூட்டுழைப்பைத் தாங்கி நிற்கிறது. ‘எங்கிருந்து’ என்ற கட்டம் காலியாக உள்ள வரி, எவ்வளவு அழகாக இருந்தாலும், வார இறுதியில் நீக்கப்படும். செங் ஹே அமெரிக்காவை அடைந்தார் என்ற செய்தியை ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கொண்டுவருவார், செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளும் சிலவேளை அதை உறுதியாகச் சொல்லும். வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை என்று நீங்கள் அறிவிப்பதைவிட, அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லிவிட்டுப் பொறுத்திருப்பது மேல்.

தமிழில் எழுதும் பள்ளிகளுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. முதல் ஆண்டு இலங்கையிலிருந்து வந்த கோப்பைத் திறந்தபோது, பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் திரை நிறைந்திருந்தது. அங்கே பரவலாகப் பயன்படும் பாமினி எழுத்துருவில் அது தட்டப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் வானவில் எழுத்துருவுக்கும் இதே நிலைதான். ஆகவே யூனிகோடில் மட்டுமே எழுத வேண்டும் என்பதை முதல் மடலிலேயே தெரிவித்து, தட்டச்சு தெரியாத பிள்ளைகளுக்குக் கூகுள் டாக்ஸின் குரல்வழித் தட்டச்சைக் கற்றுக்கொடுங்கள். அது தமிழை ஓரளவு நன்றாகவே எழுதுகிறது, ஆனால் சீனப் பெயர்களைக் குலைத்துவிடும். பெயர்களுக்கான ஒப்புக்கொண்ட எழுத்துக்கூட்டலைத் தனித் தாளில் வைத்திருப்பது நல்லது. மலேசியப் பிள்ளைகள் வாட்ஸப்பைப் புலனம் என்று சொன்னபோது எங்கள் பிள்ளைகள் முதலில் புரியாமல் விழித்தார்கள், பிறகு அந்தச் சொல்லை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். இப்படி வரும் சொற்களுக்கும் அந்தத் தாளிலேயே இடம் கொடுத்தோம்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் தளர்வு கூடாது. பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் ஒரு குழந்தையும் சேரக் கூடாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது, இலங்கையிலும் 2022இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளைகளுக்குத் தனிக் கணக்குகள் வேண்டாம், பள்ளியின் கணக்கே போதும். ஆவணத்தில் அவர்கள் முதற்பெயரும் ஊரின் முதலெழுத்தும் மட்டும் இடட்டும். குழுவினர் ஒருவருக்கொருவர் தொலைபேசி எண் கேட்பது இயல்பாகவே நடக்கும். அதை அதட்டித் தடுப்பதைவிட, சொல்ல வேண்டியதை எல்லாரும் பார்க்கும் ஆவணத்தில் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். நேரலையில் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் அறையில் இருந்தே ஆக வேண்டும்.

முடிக்கும் விதம்

கடைசி வாரத்தில் பெரிய விழா வேண்டாம். மூன்று ஊர்களிலும் தரையில் மீண்டும் அந்தச் செவ்வகத்தை வரைந்து, இந்த முறை ஒவ்வொரு பகுதியிலும் அதைப் படித்தறிந்த பிள்ளைகள் தாம் கண்டதைச் சுண்ணக்கட்டியால் எழுத, நேரலையில் மற்ற இரு ஊர்ப் பிள்ளைகளும் கேள்வி கேட்கட்டும். ஒரு பள்ளி தன் பகுதியை மட்டுமல்லாமல் மற்ற இரண்டு பகுதிகளையும் தன் சொற்களில் சொல்ல முடிந்தால் திட்டம் நிறைவேறியது என்று கொள்ளலாம். மதிப்பெண் தருவதாக இருந்தால், எழுதிய வரிகளுக்கு அல்ல, பிறர் வரியில் கேட்ட கேள்விகளுக்கும் சரிபார்த்த பதிவுகளுக்கும் தாருங்கள். ஆவணத்தின் பதிப்பு வரலாற்றைத் திறந்தால் யார் எந்த நாளில் எதைத் திருத்தினார் என்பது தெளிவாகத் தெரியும்.

அதன் பிறகு ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி மூன்று பள்ளி நூலகங்களுக்கும் அச்சிட்டுக் கொடுத்து, பகிர்வு இணைப்பைப் ‘பார்க்க மட்டும்’ என்று மாற்றி, நேரலைப் பதிவுகளை அழித்துவிடுங்கள். காற்று அட்டவணையை மட்டும் அழிக்காமல் திறந்தே வைத்திருங்கள். நாங்கள் முடித்த பிறகும் டிசம்பர் முழுவதும் யாரோ ஒரு குழந்தை மலாக்காவிலிருந்து அதை நிரப்பிக்கொண்டிருந்தது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் எங்கள் பிள்ளைகள் விடுபட்ட தம் கட்டங்களைப் பார்த்துவிட்டுக் கொடிக்கம்பத்தில் மீண்டும் நாடாவைக் கட்டினார்கள்.